கேமரா ஓடியது, காட்சி இல்லை: டாஷ்கேம் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பெங்களூரு ஜே.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பதினைந்து ஆண்டுகளாகக் கார் வயரிங் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் ஸ்டீரியோவும் ஹாரனும்தான் சோறு போட்டன. 2023 ஜனவரியில் சர்ஜாபூர் ரோடு பக்கம் அதிகாலையில் சிலர் ஒரு தம்பதியின் காரை வலியப் போய் இடித்துவிட்டு, பிறகு துரத்தவும் செய்தார்கள். அந்தக் காரின் டாஷ்கேம், அதாவது சாலையைப் பதிவு செய்ய முன்கண்ணாடியில் ஒட்டும் கேமரா, பிடித்த காட்சி எல்லோர் போனிலும் சுற்றிய பிறகு கடைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் கேமராதான்.

மாட்டிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் மறுபடி வருவது விபத்துக்கு மறுநாள். "சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது அண்ணா, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை" என்பார்கள். இப்படிக் கடை வாசலில் கேட்கும் வார்த்தைகளையே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

இன்றைக்கே விபத்து நடந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒரு காரியம். இன்ஜினை அணையுங்கள். கேமராவின் விளக்கு முழுதாக அணையும் வரை பத்துப் பதினைந்து விநாடி பொறுங்கள். பிறகு மெமரி கார்டைக் கழற்றி மணிபர்ஸில் வையுங்கள். கார்டு உள்ளே இருக்கும்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். காரணம் அடுத்த பத்தியிலேயே வருகிறது.

விபத்து நடந்த நிமிடம் மட்டும் கார்டில் இல்லை

இந்தக் கோளாறில் நானே மாட்டியிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அத்திப்பள்ளி தாண்டி ஒரு டெம்போ என் இடது கதவு இரண்டையும் உரசிவிட்டு நிற்காமல் போனது. எண் கேமராவில் இருக்கிறதே என்ற தெம்பில் நான் அலட்டிக்கொள்ளவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதே காரில் கடைக்கு வந்து போனேன். புதன்கிழமை கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால், முதல் ஃபைலே செவ்வாய் காலை வில்சன் கார்டன் சிக்னலில் நான் நின்றுகொண்டிருப்பது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விட்டது. ஊருக்கெல்லாம் கேமரா மாட்டுகிறவன் வீட்டில் நடந்த கதை இது. என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். டாஷ்கேம் ஒன்று, மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யும். கார்டு நிரம்பியதும் மிகப் பழைய துண்டை அழித்து அதன் மேல் எழுதும். இதைத்தான் லூப் ரெக்கார்டிங் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு எச்டி தரத்தில் முன் கேமரா விநாடிக்குச் சுமார் 15 மெகாபிட் எழுதினால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.75 ஜிபி. பின் கேமராவும் இருந்தால் மணிக்கு 11 ஜிபி வரை போகும். 64 ஜிபி கார்டில் நிஜமாகக் கிடைக்கும் இடம் 59 ஜிபிதான். ஆக, ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். ஹெப்பாளிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது ஒன்றரை நாள். வழியில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் மழை பெய்தால் இன்னும் குறைவு.

சரிசெய்வது எளிது. கேமரா ஏற்குமானால் 128 ஜிபி போடுங்கள். சிறு உரசலாக இருந்தாலும் அந்த இடத்திலேயே கேமராவின் அவசரப் பொத்தானை அழுத்துங்கள். அந்தத் துண்டு பூட்டப்பட்டு வேறு ஃபோல்டருக்குப் போய்விடும். லூப் அதைத் தொடாது.

'அந்தப் பூட்டைக் கேமராவே போடுமே, அதிர்வை உணரும் ஜி-சென்சார் இருக்கிறதே' என்று கேட்பீர்கள். போடும். அங்கேதான் இரண்டாவது கோளாறு ஒளிந்திருக்கிறது. சென்சாரின் உணர்திறனை அதிகத்தில் வைத்திருந்தால், நம் ஊர்ப் பள்ளம் ஒவ்வொன்றையும் அது விபத்து என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் கொண்டுவந்த கார்டில் பூட்டிய ஃபைல்கள் மட்டும் நானூற்றுச் சொச்சம் இருந்தன. திறந்து பார்த்தால் எல்லாம் வேகத்தடை. பூட்டிய ஃபைல்களுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்ததும், சில கேமராக்கள் பழைய பூட்டுகளை அழிக்கும். சில கேமராக்கள் சத்தமில்லாமல் பதிவையே நிறுத்திவிடும். பெங்களூருக்கு 'குறைவு' என்ற நிலையே போதும். பலமான மோதலை அது தவறவிடாது.

மூன்றாவது, ஃபைல் இருக்கிறது, ஆனால் அளவு பூஜ்யம் அல்லது திறக்க மறுக்கிறது. மோதிய வேகத்தில் மின்சாரம் அறுந்து, எழுதிக்கொண்டிருந்த துண்டை மூடாமலேயே கேமரா செத்துவிட்டது என்று பொருள். இதற்காகத்தான் கேமராவுக்குள் சின்ன பேட்டரியோ சூப்பர் கெபாசிட்டரோ வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போன பிறகும் சில விநாடி தாங்கி ஃபைலை மூடிவைப்பது அதன் வேலை. சோதிக்க ஒரு வழி: கேமரா ஓடும்போது ப்ளக்கைப் பிடுங்குங்கள். திரையில் அணையும் அறிவிப்பு வந்து இரண்டு மூன்று விநாடியில் அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ப்ளக்கோடு சேர்ந்து பொட்டென்று அணைந்தால் அது செத்துவிட்டது. துண்டின் நீளத்தை ஒரு நிமிடமாக வைப்பதும் நல்லது. கெட்டாலும் ஒரு நிமிடத்தோடு போகும்.

அழிந்த ஃபைலை மீட்க முடியுமா? மேலே வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால் கணினியில் மீட்பு மென்பொருள் கொண்டு பல முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டு 'இருக்கிறதா பார்க்கலாம்' என்று ஓட்டிவிட்டால் என்னாலும் முடியாது.

'கார்டு பிழை', 'கார்டைச் செருகவும்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது

போனில் கிடந்த பழைய கார்டைக் கேமராவில் போட்டிருப்பீர்கள். போனில் கார்டு எப்போதாவது எழுதும். டாஷ்கேமில் வண்டி ஓடும் நேரமெல்லாம் எழுதும், அதுவும் வெயிலில் வெந்துகொண்டு. பொட்டலத்தில் 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டு, இத்தனை ஆயிரம் மணி நேரப் பதிவு என்று எழுதியிருக்கும் கார்டை வாங்குங்கள். கூடவே எழுதும் வேகத்தைக் காட்டும் யு3 அல்லது வி30 குறி இருக்கட்டும்.

பாதி விலையில் நடைபாதையில் வாங்கிய 256 ஜிபி கார்டு பெரும்பாலும் 16 அல்லது 32தான். அளவை ஏமாற்றி எழுதியிருப்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு எழுதியதெல்லாம் குப்பை. வாங்கிய அன்றே கணினியில் போட்டு முழுக்க நிரப்பி, ஒன்றிரண்டு ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நல்ல கார்டையும் கேமரா மறுத்தால், ஃபார்மட்டைப் பாருங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய கேமராக்களுக்கு ஃபேட்32 மட்டுமே புரியும், 32 ஜிபிக்கு மேல் தாங்காது. கணினியில் ஃபார்மட் செய்யாமல் கேமராவின் மெனுவிலேயே செய்யுங்கள். மாதம் ஒரு முறை அதைச் செய்வது வழக்கமானால் இந்தப் பிழை பெரும்பாலும் வராது. இ.எம்.ஐ. கட்டும் தேதியில் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை

குற்றவாளி பார்க்கிங் மோட். வண்டி நிற்கும்போதும் கேமரா காவல் இருக்க வேண்டும் என்று, அதைக் காரின் ஃபியூஸ் பெட்டியோடு நேராக இணைக்கும் ஹார்ட்வயர் கிட் போட்டிருப்பீர்கள். காவலுக்குக் கூலி பேட்டரியிலிருந்து போகிறது.

கேமரா சுமார் 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு இரவுக்கு மூன்று ஆம்பியர்-மணி. அதை எந்தப் பேட்டரியும் தாங்கும். வெள்ளி இரவு அடுக்குமாடியின் அடித்தளத்தில் நிறுத்திவிட்டு, ரயிலில் ஊருக்குப் போய் திங்கள் காலை வந்தால் அறுபது மணி நேரம், பதினெட்டு ஆம்பியர்-மணி. சின்ன காரின் பேட்டரி மொத்தமே 35தான். மூன்று வருடப் பழைய பேட்டரி அதையும் முழுதாகத் தராது.

கிட்டில் மின்னழுத்தம் இறங்கினால் துண்டிக்கும் அமைப்பு இருக்கும். 11.8, 12, 12.2, 12.4 என்று தேர்வுகள் தருவார்கள். பலர் 11.8-இல் விட்டுவிடுகிறார்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 வந்தால் பாதி காலி. 11.8 என்றால் கிட்டத்தட்ட வறண்டுவிட்டது. 12.2-க்குக் கீழே வைக்காதீர்கள். பழைய பேட்டரிக்கு 12.4.

அதையும் வைத்து, அப்படியும் பேட்டரி இறங்கினால் வயரைப் பாருங்கள். வழக்கமாக மூன்று வயர் வரும். மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு, கறுப்பு பாடியின் இரும்புக்கு. கிட்டுக்குக் கிட் நிறம் மாறலாம், கூட வரும் தாளைப் பாருங்கள். அவசரக்காரர் சிவப்பையும் எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸிலேயே சொருகியிருந்தால், வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று கேமரா நினைத்துக்கொள்ளும். பார்க்கிங் மோடுக்கே போகாமல் முழு வேகத்தில் பதிவு செய்யும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கதவுக் கீல் போல்டில் வைத்து, சிவப்பு முனையால் ஃபியூஸ் தலையைத் தொடுங்கள். சாவியை எடுத்த பிறகும் 12 காட்டுகிறதா? அது மஞ்சளுக்குரிய இடம். சாவி எடுத்ததும் பூஜ்யமா? அங்கே சிவப்பு. சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் சில நிமிடம் மின்சாரம் நின்றுதான் போகும், ஆகவே பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ்களில் கை வைக்காதீர்கள். வண்டியின் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். ஃபியூஸ் டேப் என்று ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன சாமான் போதும், ஒரு வயரையும் அறுக்க வேண்டாம். முன்தூணுக்குள் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் கேமரா வயர் ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போட்டால் அது விரியும்போது வயர் குறுக்கே நிற்கும். இதைக் கேட்டதும் விழிக்கிற ஆளாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மதியம் தானாக அணைந்துவிடுகிறது

கேமராவைக் கழற்றிப் பின்மூடியைத் தடவிப் பாருங்கள். பூரி மாதிரி உப்பியிருந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கிவிட்டது. அதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், வண்டியில் வைக்கவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே அறுபது டிகிரியைத் தாண்டும். லித்தியத்துக்கு அது ஒத்துவராது. அடுத்ததை சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வேலூர், சென்னை என்று கோடையில் அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு இதில் பேரமே இல்லை.

மூடி தட்டையாக இருந்து, கழன்று மடியில் விழுவதுதான் தொல்லை என்றால் அது ஒட்டு. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்துப் புது டேப் போடுங்கள். ஒட்டும் இடம் நடுக்கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் இருக்கட்டும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரின் மேல் படாமல் தள்ளி.

காட்சியில் தேதி 2017 என்று வருகிறது

கேட்கச் சிரிப்பாக இருக்கும். க்ளெய்ம் நாளில் சிரிக்க முடியாது. கேமராவின் கடிகாரத்தைத் தாங்கும் உள் பேட்டரி காலியானால், தேதி தொழிற்சாலை வைத்த நாளுக்குப் போய்விடும். ஊருக்குப் போய் மூன்று வாரம் வண்டி நின்றிருந்தாலும் இப்படி ஆகும். ஜிபிஎஸ் உள்ள கேமரா செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும், ஆனால் நேர மண்டலத்தை +5:30 என்று நீங்கள்தான் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மாலை ஏழு மணி விபத்து பட்டப்பகலில் ஒன்றரை மணிக்கு நடந்ததாகக் காட்டும், பின்னால் வானமோ இருட்டாக இருக்கும்.

விபத்துக்குப் பிறகு தேதி தவறு என்று கண்டுபிடித்தால், ஃபைலைத் திருத்தாதீர்கள். மாற்றியது கண்டுபிடிக்கப்பட்டால் உண்மையான காட்சியும் பொய்யாகிவிடும். தவறிய கடிகாரத்தை அப்படியே திரையில் ஓடவிட்டு, பக்கத்தில் உங்கள் போனின் நேரத்தையும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புகாரிலும் க்ளெய்ம் படிவத்தோடு தரும் கடிதத்திலும் நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள்.

முன்னால் போன வண்டியின் எண் படிக்க முடியவில்லை

பகலில் படிக்க முடியாவிட்டால் முதலில் கண்ணாடியைத் துடையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. உட்பக்கக் கண்ணாடியில் படியும் எண்ணெய்ப் பசையை ஆறு மாதமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டாஷ்போர்டு கண்ணாடியில் பிரதிபலித்துக் காட்சியில் விழுந்தால், அதைக் குறைக்க சிபிஎல் ஃபில்டர் என்று ஒரு வளையம் கிடைக்கும். அதை லென்ஸில் மாட்டி பிரதிபலிப்பு மங்கும் வரை திருப்புங்கள். டாஷ்போர்டில் வீற்றிருக்கும் பளபளக்கும் பிள்ளையாரைச் சற்று இடம் மாற்றினாலும் போதும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரவில் வேறு கதை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் உயர்பாதுகாப்பு எண் பலகை. அது ஒளியைத் திருப்பி அடிக்கும். உங்கள் ஹெட்லைட் பட்டதும் பலகை வெறும் வெள்ளைக் கட்டமாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து, வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்யும் எச்டிஆர் அல்லது டபிள்யூடிஆர் வசதியைப் போடுங்கள். காட்சி கொஞ்சம் இருட்டாகும், எண் தெரியும். தெரு விளக்கு வெளிச்சத்தில் காட்சி கோடு கோடாக மினுங்கினால், மெனுவில் அலைவெண் 60 என்றிருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை 50 ஆக்குங்கள்.

இதையெல்லாம் செய்தும், குறுக்கே சீறிப்போன பைக்கின் எண்ணைப் பெரும்பாலான கேமராக்கள் பிடிக்காது. கடைக்காரன் நானே சொல்கிறேன். ஆனால் கேமராவுக்குக் காது இருக்கிறது. எண்ணைப் பார்த்த உடனே வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள், இரண்டு முறை. ஒலியில் பதிவாகிவிடும். கலங்கிய நேரத்தில் நினைவில் நிற்காத எண்ணை இப்படிப் பிடித்த வாடிக்கையாளர் ஒருவர் அல்சூரில் இருக்கிறார். எண்ணைச் சொல்வதற்கு முன் அவர் சொன்ன இரண்டு வார்த்தைகளும் சேர்ந்து பதிவாகிவிட்டதில் அவருக்கு இன்னும் வெட்கம்.

எஃப்எம் இரைகிறது

101.3-இல் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது கேமராவின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் மலிவான சார்ஜர்தான் காரணம். கேமராவோடு வந்த அசல் ப்ளக்கைப் போடுங்கள், வயரை ஆன்டெனா வயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள், கேமரா முனையில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருளை ஒன்றை வயரில் கவ்வவிடுங்கள். ரிமோட் சாவி வண்டிக்கு அருகில் போனால்தான் வேலை செய்கிறது என்பவர்களுக்கும் இதே மருந்து.

போன் கேமராவோடு சேரவில்லை

கேமராவின் வைஃபையில் இணையம் கிடையாது. அதைக் கண்டதும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டு இணையுங்கள். சேர்ந்த கையோடு 12345678 என்ற பாஸ்வேர்டை மாற்றுங்கள். பக்கத்து வண்டிக்காரருக்கும் அந்த எண் தெரியும்.

காட்சி தெளிவாக இருக்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனி அசையவில்லை

இது வயரிங் கோளாறு அல்ல, ஆனாலும் கடையில் அதிகம் கேட்கிற கோளாறு. என் கடைக்கு எதிரே டிங்கரிங் பட்டறை இருப்பதால், சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர்கள் நாள்தோறும் வந்து போவார்கள். டீ குடிக்கும்போது கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம், சொந்தக் காசில் கற்றது கொஞ்சம்.

எதிராளி மேல்தான் தப்பு என்று கேமரா காட்டிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை என்று எல்லோரும் நம்புகிறார்கள். உங்கள் சேதத்துக்கு உங்கள் பாலிசியிலேயே க்ளெய்ம் போட்டால், தப்பு யாருடையது என்பது பெரிதாகக் கணக்கில் வராது. நீங்கள் சிக்னலில் சிவனே என்று நின்றிருக்க, பின்னாலிருந்து ஒருவர் வந்து முட்டியிருக்கலாம். க்ளெய்ம் வாங்கினால் க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்குக் கிடைக்கும் உங்கள் நோ க்ளெய்ம் போனஸ்தான் போகும். முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி ஐந்து வருடத்தில் 50 தொடும் அந்தத் தள்ளுபடி, ஒரே க்ளெய்மில் பூஜ்யம். போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் வாங்கியிருந்தால் மட்டும் தப்பும்.

கணக்கு ஒன்று. பம்பர் மாற்ற 7,000 ரூபாய் என்று வையுங்கள். பிளாஸ்டிக் உதிரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் இல்லாவிட்டால். அதோடு 1500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 2,500. சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாயாக இருந்து 50 சதவீத போனஸில் 5,000 கட்டிக்கொண்டிருந்தவர், அடுத்த வருடம் முழுசாகக் கட்ட வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்க ஐயாயிரம் கொடுக்கிற வியாபாரம். இந்த இடத்தில் டாஷ்கேம் எப்படி உதவும் என்றால், அங்கேயே எதிராளியிடம் காட்சியைக் காட்டி, பம்பர் பணத்தை அவரையே கொடுக்கச் சொல்லலாம். எனக்குத் தெரிந்து கேமரா சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இப்படிச் சாலையோரத்தில் வந்ததுதான்.

சேதம் பெரிது, அல்லது ஆளுக்கு அடிபட்டிருக்கிறது என்றால் பாதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவுப்படி, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். எதிராளியின் பாலிசியிலிருந்து இழப்பீடு வாங்க மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். உடல் காயம் மட்டுமல்லாமல் வண்டிச் சேதத்துக்கும் அங்கே கேட்கலாம். வண்டி போன்ற பொருள் சேதத்துக்கு மூன்றாம் நபர் பாலிசியின் வரம்பு வழக்கமாக 7.5 லட்சம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்யச் சொல்கிறது. தப்பு யாருடையது என்ற கேள்வி உயிரோடு இருக்கும் இடம் அந்தத் தீர்ப்பாயம். உங்கள் காட்சிக்கு முழு மதிப்பும் அங்கேதான்.

அதற்குக் காட்சியை முறையாக வைத்திருக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பிய பிரதி சுருங்கிப் போனது, அசல் விவரங்கள் அதில் இருக்காது. கேமராவிலிருந்து எடுத்த கார்டுதான் அசல். அதை உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்திட்டு பீரோவில் வையுங்கள். கேமராவுக்குப் புதுக் கார்டு வாங்குங்கள், அறுநூறு எழுநூறு ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரதியை நீதிமன்றத்தில் தரும்போது சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. அதன் படிவத்தில் கருவியின் விவரத்தோடு, ஃபைலுக்குக் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் கேட்கிறார்கள். பிரதி எடுத்த அன்றே எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அந்த எண்ணைக் கணினியில் கணக்கிட்டு எழுதிவைத்தால் வக்கீலுக்கு வேலை மிச்சம். போலீஸ் கார்டைக் கேட்டால், கைப்பற்றியதற்கான மஹஜர் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். கன்னடத்தில் எழுதுவார்கள், படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துப் போங்கள்.

உங்கள் சொந்தச் சேத க்ளெய்மையே கம்பெனி இழுத்தடிக்கிறது அல்லது மறுக்கிறது என்றால் காட்சியோடு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் ஒப்பவில்லை என்றால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். பெங்களூரில் அந்த அலுவலகம் ஜே.பி. நகர் முதல் ஃபேஸில் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேமரா மாட்டியும் பிரீமியம் குறையவில்லை

குறையாது. திருட்டுத் தடுப்புக் கருவிக்கு ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை அமைப்பின் ஒப்புதல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் என்று பழைய டாரிஃபில் தள்ளுபடி உண்டு. டாஷ்கேம் அந்தக் கணக்கில் வராது. ஓட்டும் விதத்தைப் பார்த்துப் பிரீமியம் வைக்கும் கூடுதல் கவர்களை 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. அவை வேகம், பிரேக் போன்ற ஓட்டும் தகவல்களைப் பார்ப்பவை. உங்கள் முன்கண்ணாடிக் கேமரா என்ன பிடித்தது என்று அவை கேட்பதில்லை. 'இன்ஷூரன்ஸில் குறையும் சார்' என்று சொல்லிக் கேமரா விற்கிறவரிடம் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் பிறகு வாங்கி மாட்டிய கேமரா, பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பான ஐடிவியில் சேராது. விபத்தில் கேமரா உடைந்தால் பணம் வர, பாலிசியில் மின் உபகரணமாகக் காட்டி அதன் மதிப்பில் 4 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க் கேமராவுக்கு வருடம் 200. முப்பதாயிரத்துக்கு இரட்டைக் கேமரா மாட்டுகிறவர்கள் யோசிக்கலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

காட்சி எனக்கே எதிராகப் பேசுகிறது

ஜிபிஎஸ் உள்ள கேமரா காட்சியின் மூலையில் வேகத்தையும் அச்சிடும். அறுபதில் போக வேண்டிய இடத்தில் எண்பத்தாறு என்று அது எழுதியிருந்தால், எதிராளி குறுக்கே வந்தது உண்மையாக இருந்தாலும் கேள்வி உங்களிடமும் வரும். வேக அச்சை மெனுவில் அணைக்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் விபத்து நடந்த பிறகு காட்சியை அழிப்பதும், க்ளெய்ம் படிவத்தில் ஒன்று எழுதிவிட்டுக் காட்சியில் வேறொன்று இருப்பதும் கெடுதலில் போய் முடியும். தவறான தகவல் என்ற ஒரு காரணம் போதும், முழு க்ளெய்மையும் நிராகரிக்க. படிவத்தை நிரப்புவதற்கு முன் காட்சியை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். பதற்றத்தில் நமக்கு நினைவில் இருப்பது வேறு, நடந்தது வேறாக இருக்கும். இண்டிகேட்டர் போட்டேன் என்று சத்தியம் செய்த ஒருவரின் காட்சியில் அந்த 'டிக் டிக்' ஓசையே இல்லை.

டிரைவர் கேமராவைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்

ஃப்ரேசர் டவுனிலிருந்து ஒரு அம்மா மூன்று முறை வண்டியை அனுப்பினார். பதிவு பாதியில் நின்றுவிடுகிறதாம். கார்டு நன்றாக இருந்தது, வயர் நன்றாக இருந்தது, ஃபியூஸும் நன்றாக இருந்தது. மூன்றாவது முறை சாக்கெட்டில் ப்ளக் அரை அங்குலம் வெளியே நிற்பதைப் பார்த்தேன். டிரைவரைத் தனியாக டீக்கு அழைத்துப் போனேன். ஜோலார்பேட்டைப் பக்கத்து ஆள், என் வயதுதான்.

"வீட்டுக்காரியோடு போனில் பேசுவதெல்லாம் முதலாளியம்மா உட்கார்ந்து கேட்பார்களா அண்ணே?" என்றார்.

அந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். அவருக்கு ஒலி பதிவாகிறது என்பதே தெரியாது. மைக்கை மெனுவில் அணைத்தோம். உள்பக்கம் பார்க்கும் கேமராவைக் கழற்றிவிட்டோம். எண்ணை வாய்விட்டுச் சொல்லும் உத்தி அந்த வண்டிக்கு இனி இல்லை, அதை டிரைவரிடமும் சொன்னேன். அவசரப் பொத்தான் எது, கார்டை எப்படிக் கழற்றுவது என்று அவருக்கே காட்டிக் கொடுத்தேன். இப்போது மாதாமாதம் கார்டை ஃபார்மட் செய்வது அவர்தான்.